ஜார்ஜியா பருத்திக் காட்டுக் குடும்பத்தின் கொடிவழியைத் தேடுவது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் கணவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். அவருடைய முன்னோர் அட்லாண்டாவுக்குக் கிழக்கே ராக்டேல் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), கானியர்ஸ் ஊருக்கு வெளியே, தலைமுறை தலைமுறையாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர்கள். கையில் இருப்பவை ஒரு பழைய குடும்ப பைபிள், மாமனார் சொன்ன சில கதைகள், இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருக்கும் ஒரு வம்ச மரம். அந்த மரம் இங்கிலாந்துப் பிரபு ஒருவர் வரை ஏறுகிறதாம். அதை நம்பலாமா, தேடலை எங்கே தொடங்குவது, பைபிளில் 'ஜெஃப்ஸி' என்று ஒரு பெயர் இருக்கிறதே அது எந்த நாட்டுப் பெயர் என்று மூன்று கேள்விகள்.

மரத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே ஓர் ஓட்டை தெரிகிறது. கொள்ளுத் தாத்தாவின் தாத்தா '1815-ல் ராக்டேல் கவுண்ட்டியில் பிறந்தார்' என்று போட்டிருக்கிறார்கள். ராக்டேல் கவுண்ட்டி உருவானதே 1870-ல்தான். 1815-ல் அந்த மண் க்ரீக் பழங்குடியினர் கையில் இருந்தது; 1821 உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஜார்ஜியா அரசு அதைப் பங்கு போட்டது. அப்படியானால் அந்த மனிதர் வேறெங்கோ பிறந்து பிறகு வந்து சேர்ந்தவர். மரம் போட்டவர் கடைசியாகக் கிடைத்த ஊர்ப் பெயரையே பிறந்த ஊராகவும் எழுதிவிட்டார். கீழே ஒரு தலைமுறையே இப்படி ஆடினால் மேலே இருக்கும் பிரபுவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்தார்கள் என்று மாமனார் சொன்ன கதையும் அப்படித்தான். தெற்கில் பாதிக் குடும்பங்கள் அதையே சொல்லும்.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விவசாயக் குடும்பம் என்றால் பெயரைத் துரத்தக் கூடாது, நிலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே கவுண்ட்டியில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். நிலம் ஒன்றுதான் இருக்கும். ஆள் பிறந்ததற்குக் காகிதம் இல்லாமல் போகலாம், கல்யாணத்துக்கும் இல்லாமல் போகலாம். ஆனால் நிலம் வாங்கினால், விற்றால், அடமானம் வைத்தால், வரி கட்டினால், பங்கு பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு மனை வாங்கியிருந்தால் கூட இந்த வேலையில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவது.

ஆனால் நிலத்துக்குப் போகும் முன் வீட்டில் இருப்பதை ஒழுங்கு செய்யுங்கள். மாமனாரை உட்கார வைத்து, பிறந்த தேதியைக் கேட்காமல், 'பண்ணையில் யார் யார் இருந்தார்கள், பக்கத்துக் காடு யாருடையது, எந்தச் சர்ச்சுக்குப் போனீர்கள், யாரை எங்கே புதைத்தார்கள்' என்று கேளுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பெயர் பிறகு மிகவும் உதவும். பைபிளைப் பொறுத்தவரை, முதலில் அதன் அச்சுப் பக்கத்தைப் பாருங்கள். பைபிள் 1872-ல் அச்சானதாக இருந்து, உள்ளே 1810 முதல் பிறப்புகள் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்தோ பழைய தாளிலிருந்தோ எழுதியது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். பிறந்த அன்றே எழுதியதற்குக் கொடுக்கும் மதிப்பை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் விஷயத்தில் தெற்கு மாநிலங்கள் ரொம்ப லேட். மாநில அளவிலான பதிவு வட கரோலினாவில் 1913, தெற்கு கரோலினாவில் 1915, ஜார்ஜியாவில் 1919. அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சான்றிதழே இல்லையா என்றால், சிலருக்கு இருக்கும். 1935-ல் முதியோர் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்ததும் வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. நாற்பது ஐம்பது வயதில் போய், பைபிள் பக்கத்தையும் அத்தையின் வாக்குமூலத்தையும் காட்டித் தாமதப் பிறப்புச் சான்று வாங்கினார்கள். அந்த விண்ணப்பம் கிடைத்தால் விடாதீர்கள். இறப்புச் சான்றில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் சொன்னவர் யார் என்று கீழே பாருங்கள். துக்க வீட்டில், மாமியாரின் அம்மா பெயரை மருமகன் சொல்லியிருப்பார். இறந்த தேதியை நம்பலாம், மற்றதெல்லாம் கேள்விப்பட்ட சேதி.

சரி, இப்போது நிலம். கானியர்ஸ் பக்கத்துப் பண்ணையின் இப்போதைய பத்திரத்தையோ கவுண்ட்டி வரிப் பதிவையோ எடுங்கள். அதில் 'லேண்ட் லாட்', அதாவது அளந்து பிரித்த நிலத் துண்டு, என்று ஓர் எண்ணும் 'டிஸ்ட்ரிக்ட்' என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டு நூற்றாண்டுக்கு முன் சர்வேயர் போட்ட எண்கள்தான் அவை, இன்றும் மாறவில்லை. ஜார்ஜியா 1805 முதல் 1833 வரை நிலத்தைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. பீப்பாய்க்குள் பெயர்ச் சீட்டு, இன்னொன்றில் பரிசுச் சீட்டு. கல்யாணமாகாத ஆணுக்கு ஒரு சீட்டு, பெண்டாட்டி பிள்ளை உள்ளவனுக்கு இரண்டு. விதவைகளுக்கும் அப்பா இல்லாத பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு. உங்கள் பகுதி 1821 குலுக்கலைச் சேர்ந்தது. ஒரு லாட் 202.5 ஏக்கர். அது என்ன அரை ஏக்கர் கணக்கு என்று தோன்றும். சர்வேயரின் சங்கிலி 66 அடி. 45 சங்கிலிக்கு 45 சங்கிலி சதுரம் போட்டால் சரியாக 202.5 ஏக்கர் வருகிறது. நம் ஊர் நில அளவையிலும் பிரிட்டிஷ்காரர்கள் இழுத்தது இதே 66 அடிச் சங்கிலிதான்.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. குலுக்கலில் பெயர் வந்தது என்பதால் அவர் அங்கே குடியிருந்தார் என்று அர்த்தமில்லை. பலர் தங்கள் லாட்டைக் கண்ணால் கூடப் பார்க்காமல் விற்றுவிட்டார்கள். குலுக்கல் பதிவு உங்களுக்குத் தருவது வேறு ஒன்று: அந்த ஆள் அப்போது எந்தக் கவுண்ட்டியில் வசித்துக்கொண்டு பெயர் கொடுத்தார் என்ற தகவல். அதைப் பிடித்து இன்னொரு படி கிழக்கே போகலாம்.

கவுண்ட்டி எல்லை விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தவறான அலுவலகத்தில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்புகிறார்கள். ஜார்ஜியாவில் இன்று 159 கவுண்ட்டிகள். 1777-ல் வெறும் எட்டுடன் தொடங்கியது. உங்கள் பண்ணை 1821 மே மாதம் ஹென்றி கவுண்ட்டியில் இருந்திருக்கலாம். அதே டிசம்பரில் நியூட்டன் கவுண்ட்டி பிரிந்தது. 1870-ல் நியூட்டனையும் ஹென்றியையும் வெட்டி ராக்டேல் போட்டார்கள். திண்ணையை விட்டு இறங்காமலே ஒரு குடும்பம் மூன்று கவுண்ட்டிகளில் வாழ்ந்திருக்கும். பழைய பதிவேடுகள் அந்தந்தக் காலத்துத் தாய்க் கவுண்ட்டியிலேயே இருக்கும். புதிய கவுண்ட்டிக்கு மாற்றித் தர மாட்டார்கள். ஆக, 1870-க்கு முந்தையதை நியூட்டனின் தலைநகரான கவிங்டனிலும் ஹென்றியின் தலைநகரான மெக்டொனோவிலும் தேட வேண்டும், கானியர்ஸில் அல்ல. சிகாகோவின் நியூபெரி நூலகம் ஒவ்வொரு கவுண்ட்டியின் எல்லையும் எந்தத் தேதியில் எப்படி மாறியது என்று வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறது, இலவசம். ஜார்ஜியாவில் இன்னொரு வசதி, மிலிஷியா டிஸ்ட்ரிக்ட் எண், அதாவது ஊர்ப்படைக்காகப் பிரித்த உட்பிரிவின் எண். கவுண்ட்டி பெயர் மாறினாலும் அந்த எண் பெரும்பாலும் கூடவே வரும். சென்சஸ் தாளின் தலைப்பில் அதைப் பார்க்கலாம்.

பத்திரப் புத்தகங்களில் விற்றவர் பெயர் வரிசை, வாங்கியவர் பெயர் வரிசை என்று இரண்டு அட்டவணைகள் உண்டு. இரண்டையும் பாருங்கள். வாங்கியது தெரிந்து விற்றது தெரியவில்லை என்றால், ஒன்று நிலம் வாரிசு வழியில் போயிருக்கும், அல்லது பத்திரம் பதியாமலே பெட்டியில் கிடந்திருக்கும். தெற்கு விவசாயிகள் பதிவுக் கட்டணத்துக்கு அழுதவர்கள். 1840-ல் எழுதிய பத்திரத்தை 1881-ல் யாரோ தகராறு செய்தபோது கொண்டுபோய்ப் பதிந்ததெல்லாம் உண்டு. எழுதிய தேதி, பதிந்த தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பங்காளிகள் சேர்ந்து எழுதிக்கொடுக்கும் விற்பனைப் பத்திரம். அப்பா செத்துவிட்டார், உயில் இல்லை, எட்டுப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் பண்ணையைப் பார்க்கிறான். மற்ற ஏழு பேரும் தங்கள் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் பெயரோடு வருவார்கள், அலபாமாவுக்கும் டெக்சஸுக்கும் போனவர்கள் தங்கள் புது ஊரோடு வருவார்கள். ஒரே பக்கத்தில் ஒரு தலைமுறை முழுக்க உட்கார்ந்திருக்கும். 'இயல்பான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு, ஒரு டாலருக்கு' என்று தொடங்கும் பத்திரம் கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள். நம் தான செட்டில்மென்ட்டில் 'உன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று எழுதுவார்களே, அதே சங்கதி. வாங்குகிறவர் வேறு குடும்பப் பெயர் கொண்டவராக இருந்தால் பெரும்பாலும் மருமகன்.

பெண்கள் வழியைத் தேடுவதுதான் கஷ்டம், ஆனால் நிலம் அங்கேயும் கைகொடுக்கும். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அதனால் அவன் உயிரோடு விற்கும்போது, வாங்குகிறவர்கள் அவளிடமும் விடுதலை எழுதி வாங்கினார்கள். கணவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, 'உன்னை யாராவது மிரட்டினார்களா' என்று அதிகாரி தனியாகக் கேட்டதாக அதில் எழுதியிருக்கும். வேறெங்கும் பெயரே இல்லாத ஒருத்தியின் பெயர் அங்கே கிடைக்கும். பெயர் கிடைத்தாலும் செல்லப் பெயர்களில் ஏமாறாதீர்கள்: பாலி என்றால் மேரி, பேட்ஸி என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா, பெக்கி என்றால் மார்கரெட். ஒருவருக்கு இரண்டு மனைவிகள் என்று மரத்தில் போட்டிருந்தால், பெயர் மேரி ஒருத்தி, பாலி ஒருத்தி என்றால், பாவம் அது ஒரே பெண்மணி.

அடுத்தது புரோபேட், அதாவது சொத்து வாரிசு நீதிமன்றம். ஜார்ஜியாவில் இதன் பழைய பெயர் கோர்ட் ஆஃப் ஆர்டினரி. அந்தப் பெயரில்தான் பதிவேடுகள் இருக்கும். எல்லோரும் உயிலைத் தேடி, அது இல்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். உயில் இல்லாமல் செத்தவர் விட்டுப்போகும் காகிதம்தான் அதிகம்: நிர்வாகி கட்டிய ஜாமீன், சொத்து மதிப்பீடு, ஏலப் பட்டியல், விதவைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு மாத ஜீவனத்துக்கு ஒதுக்கியது, பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்தது, ஆண்டுக் கணக்கு. பன்னிரண்டு மாத ஒதுக்கீட்டில் இத்தனை புஷல் (தானியம் அளக்கும் படி) சோளம், இவ்வளவு பன்றிக் கறி, இத்தனை சிறு பிள்ளைகள் என்று வரும்.

நான் பார்த்த ஓர் ஏலப் பட்டியல் இன்னும் மனதில் இருக்கிறது. 1840-களைச் சேர்ந்தது. கலப்பை, கோடரி, தேன்கூடு, பாதி தேய்ந்த சேணம் என்று வரிசையாக. அதில் விதவை தன் சொந்த நூற்பு ராட்டையையும், இறகு மெத்தையையும், ஒரு பசுவையும் காசு கொடுத்து எடுத்திருக்கிறாள். ஏலம் எடுத்தவர் பெயர் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. பொருளைப் பார்க்காதீர்கள், அந்தப் பெயர்களைப் பாருங்கள். மூத்த மருமகன், விதவையின் தம்பி, எல்லைக் காட்டுக்காரர். அந்தக் காலத்தில் குதிரை வண்டி போகும் தூரத்துக்குள் கொண்டு கொடுத்து வாழ்ந்தவர்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் பக்கத்துக் காட்டு அக்கா தங்கைகளைக் கட்டியது சர்வசாதாரணம்.

சில சொற்கள் காலத்தால் பொருள் மாறியவை. 'ஆர்ஃபன்' என்று எழுதியிருந்தால் அப்பா இல்லாத பிள்ளை என்றுதான் பொருள். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை என்று நினைக்காதீர்கள், 21 வயது ஆகாதவன். 'சீனியர்', 'ஜூனியர்' அப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் ஒரே பெயரில் பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் இருந்தால் அப்படி எழுதினார்கள். பெரியவர் செத்ததும் நேற்று வரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆகிவிடுவார்.

சென்சஸைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், அதனால் வேகமாகச் சொல்கிறேன். 1950 வரையிலானவை திறந்திருக்கின்றன. 72 ஆண்டு ரகசியம் முடிந்து 2022 ஏப்ரலில் அது வெளிவந்தது. 1850 முதல்தான் வீட்டில் உள்ள சுதந்திர மனிதர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரும் மற்றவர்களுக்கு வயதுக் கட்டங்களில் எண்ணிக்கையும் மட்டும்தான். 1880-ல்தான் உறவுமுறை எழுதத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒரே வீட்டில் இருக்கும் பையனை மகன் என்று முடிவு கட்டாதீர்கள், தங்கை மகனாகவும் இருக்கலாம். 1900-ல் பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு என்று கேட்டார்கள். ஒன்பது, ஆறு என்று இருந்தால் மூன்று சின்னக் கல்லறைகளைத் தேட வேண்டும். வயது எப்போதும் வழுக்கும். பத்து வருடத்தில் ஏழு வயது மட்டும் கூடிய பெண்களை நிறையப் பார்க்கலாம்.

1890 சென்சஸ் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீ, மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருட ஓட்டை. அதற்குள் ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு பெயருக்குப் போய்விடுவாள். இந்த ஓட்டையை அடைக்க ஜார்ஜியாவில் வரிப் பதிவேடு இருக்கிறது. வருடா வருடம் எழுதியது. பையனுக்கு 21 வயது ஆனதும் தலைவரிக்காகப் பெயர் ஏறும், நிலம் இல்லாவிட்டாலும். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெயர் முளைத்தால் அந்த வருடத்திலிருந்து 21-ஐக் கழித்துப் பாருங்கள். ஒரு வருடம் பெயருக்குப் பதில் 'எஸ்டேட்' என்றோ, அவருக்காக மனைவி கட்டினார் என்றோ வந்தால், ஆள் போய்விட்டார் என்று பொருள். நான் சென்சஸை விட இதைத்தான் அதிகம் நம்புவேன்.

விவசாயக் குடும்பம் என்பதால் இன்னொரு பொக்கிஷம் உண்டு. 1850, 1860, 1870, 1880 நான்கு சென்சஸிலும் விவசாயத்துக்கென்று தனித் தாள். வம்ச மரக்காரர்கள் இதைத் திறப்பதே இல்லை. திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், திருத்தாமல் கிடப்பது எவ்வளவு, கோவேறு கழுதை எத்தனை, பால் மாடு, பன்றி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எத்தனை புஷல், வெண்ணெய் எத்தனை பவுண்டு, பருத்தி எத்தனை பொதி என்று ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் ஒரு வருட வாழ்க்கை. 1860 தாளில் சோளமும் பன்றியும் நிறைய, பருத்தி இரண்டு மூன்று பொதி என்றால், வயிற்றுக்கு முதலில் விளைவித்த சின்ன விவசாயி. அதே குடும்பம் 1880-ல் சோளம் குறைந்து பருத்தி ஏறியிருந்தால், கடைக்காரரிடம் விளைச்சலை ஈடு வைத்துக் கடன் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். 1880 தாள் சொந்த நிலமா, ரொக்கக் குத்தகையா, வாரமா என்றும் கேட்கிறது. ஒன்று மட்டும்: ரொம்பச் சின்னப் பண்ணைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. பெயர் இல்லை என்றால் விவசாயம் செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

நிலமே இல்லாத வாரக்காரர் என்றால்? நிலத்தைப் பிடி என்று சொன்னேனே, அங்கே கடனைப் பிடிக்க வேண்டும். கோர்ட்ஹவுஸில் விளைச்சல் அடமானம், ஜங்கம சொத்து அடமானம் என்று தனிப் புத்தகங்கள் உண்டு. இன்னார் காட்டில் தான் இந்த வருடம் போடும் பருத்தியும், கருப்புப் பெட்டைக் கோவேறு கழுதை ஒன்றும், அதன் வயதும், சமயத்தில் அதன் பெயரும் கூட எழுதியிருக்கும். மனைவியின் பெயர் கிடைக்காத வீட்டில் கழுதையின் பெயர் கிடைக்கும். யாருடைய காடு என்று அதிலேயே இருப்பதால் மீண்டும் நிலத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இப்போது சங்கடமான பகுதி. 1850, 1860 சென்சஸில் அடிமைகளுக்கென்று தனித் தாள் உண்டு. உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், பெயர் கிடையாது. உங்கள் கணவர் குடும்பம் 'சின்ன விவசாயிதான், அடிமை வைத்திருக்கவில்லை' என்று மாமனார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இருக்கலாம், தெற்கில் பெரும்பாலான வெள்ளைக் குடும்பங்கள் வைத்திருக்கவில்லை. ஆனால் பார்க்காமல் எழுதாதீர்கள். இரண்டு மூன்று பேரை வைத்திருந்த சின்ன விவசாயிகளும் ஏராளம், வாடகைக்கு எடுத்தவர்களும் உண்டு. சொத்து மதிப்பீட்டில், கோவேறு கழுதைக்கு அடுத்த வரியில் ஒரு தாயின் பெயரும் அவள் கைக்குழந்தையின் பெயரும் விலையோடு இருக்கும். கண்ணில் பட்டால் அந்தப் பெயர்களையும், ஆண்டையும், புத்தகப் பக்க எண்ணையும் அப்படியே உங்கள் புத்தகத்தில் போடுங்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் 1870-ல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கறுப்பின மக்கள் எல்லோருக்கும் சென்சஸில் பெயர் வந்தது அந்த வருடம்தான். அதற்குப் பின்னால் போக அவர்களுக்கு இருக்கும் முக்கியமான வழி, உங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதம்.

அந்தச் சுவரை ஒட்டிச் சில படிகள் இருக்கின்றன. 1867-ல் தெற்கு மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, விடுதலை பெற்ற ஆண்களின் பெயர்கள் ஏறின. விடுதலை பெற்றவர்களுக்காக அரசு அமைத்து 1865 முதல் 1872 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் பீரோவில் கூலி ஒப்பந்தங்கள் உண்டு. அவர்களுக்கான ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் 1874-ல் திவாலானது, ஏழைகளின் சேமிப்பு போனது. ஆனால் கணக்கு தொடங்கும்போது அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், வளர்ந்த இடம் எல்லாம் கேட்டு எழுதினார்கள். அட்லாண்டாவிலும் ஒரு கிளை இருந்தது. விடுதலைக்குப் பின் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் கடைசி எஜமானனுடையதாகவே இருக்கும் என்று நினைத்துத் தேடினால் பல நேரம் வழி தவறும்.

உள்நாட்டுப் போரில் வடக்கின், அதாவது யூனியனின், தளபதி ஷெர்மன் எரித்துவிட்டார், ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஊரில் யாராவது சொல்வார்கள். 1864 நவம்பரில் ஷெர்மன் படையின் ஒரு பிரிவு கானியர்ஸ், கவிங்டன் வழியாகத்தான் போனது, உண்மை. கோழி, பன்றி, சோளம் எல்லாம் போயிருக்கும். ஆனால் தெற்கில் பதிவுகள் தொலைந்ததற்கு அவரைத் தவிர அடுப்பு நெருப்பு, கரையான், ஈரம், கவனமில்லாத குமாஸ்தா என்று நிறையக் காரணங்கள் உண்டு. அந்தப் படை போன வழியே ஒரு புதிய பதிவையும் உண்டாக்கியது. யூனியனுக்கு விசுவாசமாக இருந்தும் படையிடம் பொருளை இழந்த தெற்கத்தியர்கள் 1871 முதல் நஷ்டஈடு கேட்டு 22,298 மனுக்கள் போட்டார்கள். உங்கள் குடும்பம் மனுப் போடாவிட்டாலும், அக்கம்பக்கத்தவர் மனுவில் சாட்சி சொல்லியிருக்கலாம். கான்ஃபெடரேட், அதாவது தெற்குப் பக்கம் போரிட்டவர் என்றால் ஓய்வூதியம் கொடுத்தது மாநில அரசு. கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில் தேடுங்கள். விதவை போட்ட மனுவில் கல்யாணத் தேதி இருக்கும்.

1821-க்கு முன்னால் போகும்போது கிழக்கே பழைய ஜார்ஜியாவுக்கோ கரோலினாக்களுக்கோ போவீர்கள். அங்கே சதுர லாட் கிடையாது. 'ஓடையோரத்து வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை சங்கிலி, அங்கிருந்து இன்னார் எல்லை ஹிக்கரி மரம் வரை' என்று போகும். நம் பத்திரத்தில் செக்குபந்தி படிப்பது போலப் படியுங்கள். எல்லைக்காரர் பெயர்கள்தான் சாவி. தெற்கு கரோலினாவில் 1911 வரை கல்யாணத்துக்கு உரிமச் சீட்டே கிடையாது. பாப்டிஸ்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அதனால் சர்ச்சில் பிறப்புப் பதிவு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சபைக் கூட்டக் குறிப்புகளைத் தேடுங்கள். குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது அந்தச் சபை ஒரு விடுப்புக் கடிதம் கொடுக்கும், புது ஊர்ச் சபை அதை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். எந்த மாதம் கிளம்பினார்கள் என்பது வரை தெரியும். குடித்துவிட்டு வந்ததற்காக யாரைச் சபையிலிருந்து நீக்கினார்கள் என்பதும் தெரியும், அதை மாமனாரிடம் சொல்வது உங்கள் விருப்பம்.

இவ்வளவுக்கும் விமானச் சீட்டு போட வேண்டியதில்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் கவுண்ட்டிப் பத்திரங்களும் புரோபேட் புத்தகங்களும் பெரும்பாலும் படங்களாகவே இருக்கின்றன. 2024 முதல் கையெழுத்தைக் கணினியே படித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் தேட விடுகிறது. அட்டவணையில் வராத சாட்சி, எல்லைக்காரர் பெயர்கள் கூட இப்போது அகப்படுகின்றன. முன்பு மூன்று மாதம் ஆன வேலை ஒரு சனிக்கிழமையில் முடிகிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோ ஊரில் இருக்கும் ஜார்ஜியா ஆவணக் காப்பகமும் நிறையப் பதிவுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம், ஆனால் காகித வேலைக்குப் பிறகு. ஐந்தாறு தலைமுறைக்கு மேல் ஒரு முன்னோரிடமிருந்து வந்த பங்கு தேய்ந்துவிடும், உறவுக்குள்ளேயே கட்டிய குடும்பங்களில் கணக்கு குழம்பும்.

கடைசியாக அந்த 'ஜெஃப்ஸி'. வெளிநாட்டுப் பெயரெல்லாம் இல்லை. பழைய கையெழுத்தில் இரண்டு 's' சேர்ந்து வந்தால் முதல் எழுத்தை நீட்டி 'f' மாதிரி எழுதுவார்கள். அவர் பெயர் ஜெஸ்ஸி. மரம் போட்டவர் இந்த ஒருவரையே ஜெஸ்ஸி, ஜெஃப்ஸி என்று இரண்டு சகோதரர்களாக்கி, ஜெஃப்ஸியைச் சிறு வயதிலேயே சாகடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஜெஸ்ஸி பெயரில் நியூட்டன் கவுண்ட்டி வரிப் பதிவேட்டை முதலில் திறந்து பாருங்கள்.